கறிவேப்பிலைப் புழுவைக் கொல்லாதீர்கள், வளர்க்கக் கொடுங்கள்

பிள்ளைகளுக்குப் பூச்சியியலை அறிமுகப்படுத்தப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வீட்டுக் கறிவேப்பிலைச் செடியின் இளந்தளிர்களைப் பாருங்கள். பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. எதிரிகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம்!

அகலமான பாட்டிலில் காகிதம் விரித்து, கொத்தோடு புழுவை வைத்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். காம்பில் ஈரப்பஞ்சு சுற்றினால் போதும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் புழு விழுந்து மூழ்கிவிடும். கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். தினமும் புது இலை, எச்சம் துடைப்பு, அளவுகோலால் நீளம் குறிப்பு எல்லாம் பிள்ளையின் வேலை.

நான்கு முறை தோல் உரித்து, ஐந்தாம் பருவத்தில் பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகள் கத்துவார்கள், பிறகு மறுபடி தொடுவார்கள். ஒரு முறை போதும் என்று சொல்லிவிடுங்கள், பாவம்.

அப்புறம் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். இடுப்பில் பட்டுநூல் கட்டிக்கொண்டு அதில் கூட்டுப்புழுவாகும். சிலசமயம் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் வரும். ஏமாற்றம்தான், ஆனால் ஒட்டுண்ணி வாழ்க்கையைக் கண்ணால் பார்த்த பாடம். வண்ணத்துப்பூச்சி வந்தால், சிறகு விரிந்து காயும்வரை தொடாமல் விட்டு, வெயில் நேரத்தில் பறக்க விடுங்கள்.