லேத்தோடு வந்த மர்ம காலெட்டுகள்

கோவையில் பழைய லேத் ஒன்றை வாங்கியபோது, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு பெட்டி நிறைய காலெட்டும் (வெட்டும் கருவியைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பான்) கூடவே வந்தது. முன்பக்கம் சரிவு, பின்பக்கம் நேர் உருளை, அதன் உள்ளே மரை. லேத்தின் பின்முனையான டெயில்ஸ்டாக்கில் நிற்கவில்லை, சுழலும் முனையான ஹெட்ஸ்டாக்கில் ஸ்லீவ் (இடைக்குழாய்) போட்டும் ஆடியது. லேத்தில் வழக்கமான சரிவு அளவான மோர்ஸ் டேப்பர் அட்டவணையில் எந்த எண்ணோடும் ஒத்துவரவில்லை. இதிலேயே பல நாள் போனது.

மரையில், பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) அளக்கும் கேஜின் 1.25 மி.மீ. தகடு சரியாக உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. அதை நம்பி எம்12 நுண்மரை போல்ட் வாங்கி வந்தால், வாயிலேயே நின்றுவிட்டது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: அங்குலத்துக்கு 20 மரை என்றால் பிட்ச் 1.27 மி.மீ. நாலைந்து மரைக்குள் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

அப்புறம் பிசுக்கைத் துடைத்தபோது, நேர் உருளையின் பக்கவாட்டில் ஒரு காடி. மோர்ஸ் டேப்பருக்கு அது தேவையே இல்லை. உருளையின் விட்டத்துக்கு வெர்னியர் வைத்தேன்: 24.1 மி.மீ. அங்குலத்துக்கு 20 மரையுள்ள 7/16 அங்குல யூஎன்எஃப் (அங்குல நுண்மரை) போல்ட் கையாலேயே இறங்கியது. சரி, இது ஆர்8 வகை காலெட்! பிரிட்ஜ்போர்ட் வகை மில்லிங் மெஷினின் ஸ்பிண்டிலுக்கு (சுழலும் தண்டு) ஆனது. லேத்துக்குச் சம்பந்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

டீசலில் கழுவி, பக்கத்துப் பட்டறை மில்லிங் மெஷினில் மாட்டிப் பார்த்தேன். காலெட்டை உள்ளிழுக்கும் டிராபாரை முறுக்கியதும் கட்டரைக் கச்சிதமாகக் கவ்வின.