யுரேனியக் கழிவுக் குளமும் நிலநடுக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் நிலநடுக்கப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, "நாம எந்த மண்டலம்?" என்பதுதான். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான இந்திய விதியான ஐஎஸ் 1893, 2002இல் திருத்தப்பட்டபோது இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏறினோம். ஃபிளாட் வாங்குபவருக்கு இந்தப் பதில் ஓரளவு போதும். யுரேனிய ஆலையின் கழிவுக் குளத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டு, பதில் கிடைத்ததும் கோப்பை மூடிவிடுவதுதான் பெரிய தவறு.

இது நமக்குத் தொலைவான விஷயமும் அல்ல. சென்னை–மும்பை ரயில்கள் கடந்துபோகும் கடப்பா மாவட்டத்தில்தான் தும்மலப்பள்ளி யுரேனியச் சுரங்கமும் ஆலையும் இருக்கின்றன. ஜார்க்கண்டின் ஜாதுகுடா 1960களிலிருந்தே இயங்கும் பழைய இடம். தாதுவை மாவாக அரைத்து யுரேனியத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் சேறு, கரை கட்டிய பள்ளத்தில் போய்த் தேங்கும். யுரேனியம்தான் போய்விட்டதே என்று நினைக்க வேண்டாம். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்; தோரியம்-230க்குச் சுமார் 75,000.

கல்பாக்கத்தை மனத்தில் வைத்து "வெடிக்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு. வெடிக்காது, இங்கே அணு உலை கிடையாது. பயப்பட வேண்டியது கரை உடைவதற்கு. 1979 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சர்ச் ராக் என்ற இடத்தில் கரை உடைந்து 35 கோடி லிட்டருக்கும் அதிகமான அமிலக் கழிவுநீரும் சுமார் 1,100 டன் திடக்கழிவும் ஆற்றில் இறங்கின. அதற்கு நிலநடுக்கம்கூடத் தேவைப்படவில்லை. அடிநிலம் ஏற்றத்தாழ்வாக அமிழ்ந்து, கரையில் விரிசல் விட்டிருந்தது.

அடுத்தது கணக்கில் நடக்கும் தவறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பல நாடுகளின் கட்டட விதிகள், 50 ஆண்டுகளில் பத்து சதவீத வாய்ப்புள்ள அதிர்வை அளவுகோலாக வைக்கின்றன. சராசரியாக 475 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய அதிர்வு அது. கட்டடத்துக்குச் சரி. ஆனால் அமெரிக்க விதி, யுரேனிய ஆலைக் கழிவை முடிந்தவரை 1,000 ஆண்டு, எப்படியும் குறைந்தது 200 ஆண்டு கட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. அதே 475 ஆண்டு அதிர்வு 200 ஆண்டுகளுக்குள் வர வாய்ப்பு 34 சதவீதம். 1,000 ஆண்டுகளுக்குள் 88 சதவீதம். அதாவது அநேகமாக வந்தே தீரும். பத்தாயிரம் ஆண்டு அதிர்வுக்கு வடிவமைத்தால்தான் ஆயிரம் ஆண்டில் மீறப்படும் வாய்ப்பு பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. பிரேசிலின் புருமாஜின்யோவில் 2019இல் சுரங்கக் கழிவணை உடைந்து சுமார் 270 பேர் இறந்தபின், 2020இல் வந்த உலகளாவிய கழிவணைத் தரநிலையும் மூடிக் கைவிடப்படும் அணைகளுக்கு இந்தப் பத்தாயிரத்தைத்தான் கேட்கிறது. 'விதிப்படி கட்டியது' என்று யாராவது சொன்னால், எந்த விதி, எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள்.

மண்டல வரைபடத்தை அப்படியே நம்புவதும் ஆபத்து. 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர் பகுதியின் கில்லாரியைத் தரைமட்டமாக்கிய நடுக்கம், அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் வந்தது. தக்காணப் பாறை ஆடாது என்ற நம்பிக்கை அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. கழிவுக் குளத்துக்கு அந்தந்த இடத்தில் நிலத்தடிப் பாறை நகரக்கூடிய பிளவுகளைத் தனியாக ஆராய வேண்டும். கடந்த 35,000 ஆண்டுகளில் ஒருமுறையாவது தரைமட்டத்திலோ அதன் அருகிலோ நகர்ந்த பிளவையும் அமெரிக்க விதி உயிருள்ள பிளவாகக் கொள்கிறது. அதனால் வரக்கூடிய மிகப் பெரிய நடுக்கத்தைத் தாங்காது என்றால் அதன் அருகே குளம் கூடாது.

இனி, கரையின் உறுதியை மட்டும் பார்த்து உள்ளே இருக்கும் சேற்றை மறப்பது. பெசன்ட் நகர் கடற்கரையில் அலை வடிந்த ஈர மணலில் ஒரே இடத்தில் காலைத் தட்டிக்கொண்டே இருங்கள். கெட்டியாக இருந்த மணல் குழம்பாகி கால் புதையும். நீரில் ஊறிய நுண்மணல் குலுங்கும்போது துகள்களுக்கிடையே நீரழுத்தம் ஏறி, மண் தன் வலிமையை இழக்கிறது. பழைய சேற்றின் மேலேயே அடுத்தடுத்த கரையை உள்நோக்கி உயர்த்திக் கட்டும் முறையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் கரைக்கு அடித்தளமே அந்தச் சேறுதான். 1965இல் சிலியின் எல் கோப்ரேயில் செப்புச் சுரங்கக் கழிவணைகள் நடுக்கத்தில் உடைந்து 200 பேருக்கு மேல் மடிந்தார்கள். பின்னர் அந்த நாடு இப்படி உயர்த்துவதையே தடை செய்தது.

ஆட்டம் நின்றதும் மூச்சு விடுவதும் தவறுதான். 1978இல் ஜப்பானின் மோச்சிகோஷியில் ஒரு சுரங்கக் கழிவணை நடுக்கத்தின்போதே சரிந்தது. இன்னொன்று சுமார் 24 மணி நேரம் கழித்துச் சரிந்தது.

நம் நாட்டில் 2001 பூஜ் நடுக்கத்தில் சாங் உள்ளிட்ட பல மண் அணைகள் மோசமாகச் சேதமடைந்தன. வறட்சியால் நீர் குறைவாக இருந்ததால் ஊர்கள் பிழைத்தன. அதை அணையின் கெட்டித்தனம் என்று எழுதியவர்களை என்ன சொல்வது! கழிவுக் குளத்திலும் நீர்மட்டம்தான் பாதிப் பாதுகாப்பு. ஆகவே ஓர் ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் ரிக்டர் எண்ணைத் தேடுவதற்கு முன், கரைக்குள் பதித்த பீசோமீட்டர்களின் (மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளின்) அளவீடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோடை அளவீடு மட்டும் போதாது, அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தினுடையதும் வேண்டும்.