நாய்க்குக் கொட்டகை கட்ட எவ்வளவு ஆகும்?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நாயை அளந்தீர்களா?" என்றுதான். வீடு கட்டும்போது எத்தனை பேர் குடியிருக்கப் போகிறார்கள் என்று கேட்காமல் எந்தக் கொத்தனாரும் நூல் பிடிக்கமாட்டார். நாய்க்கும் அதே கணக்குதான். மேஸ்திரியாக வேலை பார்த்தவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் எப்போதும் ராஜபாளையம் நாய் உண்டு. இப்போது இருப்பவன் முத்து. அவனுக்காகக் கட்டிய கொட்டகையின் கணக்கை அளவோடு இங்கே தருகிறேன். விலை ஊருக்கு ஊர் மாறும், அளவு மாறாது. அளவை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

முத்து தோள்வரை 28 அங்குல உயரம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை 41 அங்குலம். அமெரிக்காவில் நாய் வளர்த்து விற்பவர்களுக்கான அரசு விதியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. இந்த நீளத்தோடு 6 அங்குலம் கூட்டி, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் நாய்க்கு வேண்டிய குறைந்தபட்சத் தரை, சதுர அடியில் கிடைக்கும். முத்துவுக்கு 15 சதுர அடி சொச்சம் வருகிறது. அது உயிரோடு வைத்திருக்கும் அளவுதான், நன்றாக வைத்திருக்கும் அளவு இல்லை. நம்ம ஊர் வெயிலுக்குப் படுக்கும் அறை மட்டுமே அதில் இரண்டு மடங்காவது வேண்டும். ஆகவே அறை 6-க்கு 5 அடி, அதற்கு முன்னால் நடமாட 6-க்கு 10 அடி கம்பிவலை முற்றம் என்று வைத்தேன். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்டக்கார நாய்களுக்கு முற்றத்தை இன்னும் நீட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போவது குறையக்கூடாது. அடைத்தே வைத்திருக்கும் நாய்க்கு நடையும் ஓட்டமும் கொடுக்காமல் விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின்படி குற்றம். அசையக்கூட முடியாத கூண்டில் அடைப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

அடுத்தது திசை. இதற்குப் பத்துப் பைசா செலவில்லை, ஆனால் தப்பினால் பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் சரிவராது. எங்கள் பக்கம் ஆடிக்காற்று மேற்கே மலையிலிருந்து புழுதியோடு இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைச்சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். சாயங்கால வெயிலும் மேற்குதான். அதனால் வடக்கும் மேற்கும் கூரைவரை முழுச்சுவர். கிழக்கும் தெற்கும் 4 அடிச் சுவர், அதற்கு மேல் கம்பிவலை. முற்றம் தெற்கே நீள்கிறது. கூரை பின்பக்கம் 6 அடி, முன்பக்கம் 7 அடி உயரம். நாய்க்கு எதற்கு இவ்வளவு உயரம் என்று கேட்பார்கள். தினமும் உள்ளே போய்க் கழுவப் போவது நாம்தானே? குனிந்தபடி பெருக்க வேண்டியிருந்தால் பத்தாவது நாளே சுத்தம் குறைந்துவிடும்.

இனி கணக்கு. 6 அங்குல சாலிட் பிளாக் அஸ்திவாரத்துக்கும் சுவருக்குமாக ஏறக்குறைய 300. முற்றத்தைச் சுற்றி 2 அடி உயரக் குட்டைச்சுவரும் இதில் அடக்கம். நான் வாங்கியது ஒன்று 38 ரூபாய், ஆக 11,400. சிமென்ட் 16 மூட்டை, 6,400. எம்-சாண்ட், பூச்சு மணல், முக்கால் அங்குல ஜல்லி மூன்றும் சின்ன வண்டியில் இறக்கியது 8,000. இதுபோன்ற சின்ன வேலையில் பொருளைவிட வண்டி வாடகைதான் உறுத்தும். அக்கம்பக்கத்தில் வீட்டு வேலை நடந்தால் அவர்களோடு சேர்த்து லோடு சொல்லுங்கள். பேஸ்மட்டத்துக்கு உள்ளே நிரப்பக் கிராவல் 2,500. கொத்தனார் ஒருவர், அவருக்குக் கைகொடுக்கும் நிமிர்ந்தாள் ஒருவர், சித்தாள் ஒருவர் 6 நாள் வேலை, 15,000. வெல்டிங் பட்டறையில் இரும்பு வேலை 155 கிலோ, கிலோ 120 வீதம் 18,600. கூரைக்கு நுரை அடைத்த பஃப் ஷீட் 80 சதுர அடி, 120 வீதம் 9,600. வடிகால் குழாய், தொட்டி, ஒரு தண்ணீர்க் குழாய் எல்லாம் 3,500. நிழல்வலை, கட்டில், பெயின்ட் 5,000. கூட்டினால் 80,000 ரூபாய்.

தொகையைக் கேட்டதும் பலர் முதலில் கைவைப்பது தரையில். "நாய் படுக்கத்தானே, மண்ணை இடித்துவிட்டு மேலே ஒரு பூச்சு பூசினால் போதும்" என்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கொட்டகையில் நாயின் உடம்பு ராவும் பகலும் தொட்டுக்கொண்டிருப்பது தரை ஒன்றைத்தான். வெடித்த தரையில் மூத்திரம் தங்கும், நாற்றம் போகாது, எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். நாய்க்கு ரத்தக்கழிச்சல் தரும் பார்வோ வைரஸ் ஒருமுறை வந்துவிட்டால் அந்த இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்குப் பினாயில் போதாது, பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மண் தரையை அப்படிக் கழுவ முடியாது. வெடிப்பில்லாத கான்கிரீட்டை முடியும்.

எனவே கிராவலைத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, மேலே 3 அங்குல ஜல்லி கான்கிரீட், அதற்கு மேல் 1 அங்குலப் பூச்சு. வாட்டம் 5 அடிக்கு 1 அங்குலம். அறையில் தொடங்கி முற்றத்தின் கடைசிவரை 15 அடிக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும். அறைத்தரை முற்றத்தைவிட 2 அங்குலம் தூக்கலாக இருந்தால் கழுவிய தண்ணீர் உள்ளே திரும்பாது. வடிகால் வாய்க்கால் கம்பிவலைக்கு வெளியே ஓடட்டும். உள்ளே இருந்தால் வெயில் நேரத்தில் நாய் அந்த ஈரத்தில்தான் போய்ப் படுக்கும். குழாய் வாய்க்கு இரும்பு ஜாலி போட்டுவிடுங்கள், பாம்பும் எலியும் அந்த வழியாகத்தான் நுழையும். பூச்சு முடிந்த அன்றே ஒரு வாளித் தண்ணீரை அறை மூலையில் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் கொத்தனார் கூலி வாங்கிப் போகும் முன்னே சொல்லிவிட வேண்டும்.

தரையில் டைல்ஸ் வேண்டாம். பளபளவென்று தேய்த்த பால்பூச்சும் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும். வளரும் குட்டிக்குப் பின்னங்கால் அகன்று இடுப்பு கெட்டுப்போகும். ரொம்பச் சொரசொரப்பாக விட்டாலும் முழங்கை தேய்ந்து காய்த்துவிடும். ஸ்பாஞ்சு தேய்ப்போடு நிறுத்தச் சொல்லுங்கள், அதுதான் அளவு. எப்படிப்பட்ட தரையானாலும் படுப்பதற்குத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நாடா பின்னிய இரும்புக் கட்டில் ஒன்று வேண்டும். அடியில் காற்று ஓடும், மார்கழிக் குளிரும் ஏறாது.

கூரை இரண்டாவது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சுற்றியுள்ள காற்றே சுட்டால் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. ராஜபாளையத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 2005-ல் அஞ்சல்துறை தபால்தலையில் போட்டுக் கௌரவித்த அந்த வெள்ளை அழகுக்கு அடியில் இருப்பது இளஞ்சிவப்புத் தோல். மூக்கும் இளஞ்சிவப்பு. சித்திரை வெயிலில் அந்தத் தோல் வெந்துபோகும். வெறும் தகரமோ கல்நார் ஷீட்டோ தாழ்வாகப் போட்டால் மத்தியானம் உள்ளே கை வைக்க முடியாது. கான்கிரீட் ஒட்டுத்தளம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க இறக்கும், செலவும் அதிகம். ஓடு நல்லதுதான், ஆனால் எங்கள் ஊரில் குரங்குகள் விட்டுவைக்காது. பஃப் ஷீட் இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்தது, சூடு அவ்வளவாக இறங்காது. பணம் போதவில்லை என்றால் சதுர அடி 50 ரூபாய்க்குள் கிடைக்கும் கலர் ஷீட் போட்டு, பங்குனியில் அதன் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். ஆடியில் பிரித்துவிடலாம். உள்கூரையாகவே கீற்று வேய்வதை நான் சொல்லமாட்டேன். குளுமைதான், ஆனால் உண்ணிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

உண்ணியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வயிறு நிறைந்த உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவரேறி, வெடிப்பிலும் இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு எத்தனை மருந்து போட்டாலும் சுவர் பூசாமல் இருந்தால் அது திரும்பத் திரும்ப வரும். ஆகவே சுவரின் இரண்டு பக்கமும் பூச்சு கட்டாயம். சுவரும் தரையும் சேரும் மூலையை உருட்டிப் பூசச் சொல்லுங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் விடும் இடைவெளியைக் கலவை வைத்து அடைத்துவிடுங்கள். சிமென்டில் இரண்டு மூட்டை கூடும், அவ்வளவுதான்.

இரும்பு வேலையில்தான் ஏமாறுவது அதிகம். கிலோக் கணக்கில் பேசினால் எடைச்சீட்டு கேளுங்கள். மொத்தமாகப் பேசினால் டியூபின் கனத்தையும் கம்பியின் கேஜையும், அதாவது தடிமனையும், எழுதி வாங்குங்கள். ஒன்றரை அங்குலச் சதுர டியூப், 2 மில்லிமீட்டர் கனம், 10 கேஜ் வெல்டு மெஷ் என்ற பற்றவைத்த கம்பிவலை, கண் 2 அங்குலம். இது பெரிய நாய்க்குத் தாங்கும். குட்டி வளர்ப்பதாக இருந்தால் கண் 1 அங்குலமாக இருக்கட்டும், தலை மாட்டாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பட்டறைக்காரர் 2 மில்லி என்று சொல்லிவிட்டு அதைவிட மெல்லிய டியூபைப் போட்டுக் கொடுத்தார். ஒரே மழைக்காலத்தில் பற்றவைத்த இடமெல்லாம் துருப்பிடித்துவிட்டது. பெயின்ட் அடிக்கும் முன்னே போய்ப் பாருங்கள், அடித்த பிறகு எதுவும் தெரியாது. பின்னல் வலை விலை குறைவு, ஆனால் நாய் கடித்து இழுத்தால் வளைந்துகொடுக்கும், ஏறவும் செய்யும். மெஷ் சட்டத்தின் உள்பக்கம் பற்றவைக்கப்பட வேண்டும், அப்போதுதான் நாய் மோதும்போது பற்று விடாது. வெட்டிய முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உள்ளங்கையால் தடவிப் பார்த்து ராவிவிடுங்கள். கதவு உள்பக்கம் திறக்கட்டும். கம்பியை நக்கும், கடிக்கும் பிராணி என்பதால் ஈயம் இல்லாத பெயின்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

கொத்தனார் கூலியை நாள் கணக்கில் கொடுப்பதுதான் இந்த வேலைக்குச் சரி. காண்ட்ராக்ட் பேசினால், நடுவில் காய விட்டு வரவேண்டியிருப்பதால் தொகையை ஏற்றித்தான் சொல்வார்கள். நாள் கூலி என்றால் காலையில் பொருள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், வீட்டில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

80,000 முடியாது என்பவர்களுக்கு வழி இருக்கிறது. வடமேற்கு மூலையில் நல்ல காம்பவுண்டுச் சுவர் இருந்தால் இரண்டு பக்கச் சுவரும், முற்றத்தின் ஒரு நீளமும் மிச்சம். பிளாக்கில் பாதி குறையும், இரும்பும் கூலியும் குறையும், ஏறக்குறைய 18,000 இறங்கும். கூரையைக் கலர் ஷீட்டாக மாற்றினால் இன்னொரு 5,600. ஆக 56,000 சொச்சத்தில் முடியும். காம்பவுண்டு 6 அடிக்குக் குறைவாக இருந்தால் மேலே மெஷ் ஏற்ற வேண்டும், ராஜபாளையம் 5 அடியைச் சுலபமாகத் தாண்டும். கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுப் பக்கம் விழாமல் வாட்டத்தைக் கிழக்கே திருப்புங்கள். அவர்கள் படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் வேறு மூலை பாருங்கள். குரைப்புச் சத்தத்தால் உறவு கெட்டால் கடைசியில் அல்லல்படுவது நாய்தான்.

இரண்டாவது நாய் வரும் என்று தெரிந்தால் இப்போதே சேர்த்துக் கட்டிவிடுங்கள். நடுச்சுவர், வடிகால், ஆள் எல்லாம் பொது என்பதால் கூடுதலாக 45,000 அல்லது 50,000 ரூபாய் போதும். தனியாகப் பிறகு கட்டினால் முழுத் தொகையும் மறுபடி ஆகும். குட்டி ஈன்று விற்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், இட அளவுக்கும் தனி வரையறை உண்டு. கட்டும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது. மழை விட்டிருக்கும், பங்குனி வெயிலுக்கு முன்னே கூரை ஏறிவிடும். தரைக்கு 7 நாள் தண்ணீர் கட்டுங்கள். அதற்குப் பிறகும் நன்றாகக் கழுவிக் காய்ந்த பின்தான் நாயை உள்ளே விட வேண்டும், பச்சைச் சிமென்ட் பாதத்தை அரித்துவிடும். ஆரம்பத்தில் கதவைத் திறந்தே போட்டுச் சாப்பாட்டை உள்ளே வையுங்கள். அப்புறம் வருடம் ஒருமுறை, புரட்டாசியில், துருப்பிடித்த இடத்துக்கு பெயின்ட், வெடிப்புக்குக் கலவை, கிழிந்த நிழல்வலைக்கு மாற்று. இதற்கு 2,000 ரூபாய் ஒதுக்கினால் போதும்.