தேன்குழல் விற்கிறவள் கார் வாங்கிய கணக்கு

பள்ளத்தூரில் எனக்குப் பலகாரத் தொழில். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை. கிலோ விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னாலும் குறைக்க மாட்டேன். ஆனால், "டப்பாவுக்குத் தனியாகப் போடாதீர்கள் ஆச்சி, வண்டிக் கூலியும் உங்களோடு" என்று கேட்கத் தெரிந்தவர்களிடம் பலமுறை தோற்றிருக்கிறேன். கார் ஷோரூமும் அப்படிப்பட்ட கடைதான். ஆயுள் வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்வதற்கு முந்தைய எக்ஸ் ஷோரூம் விலையைக் கம்பெனி வைக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பையனால் அதை அசைக்க முடியாது. அதைச் சுற்றி எழுதும் வரிகளில்தான் அவனுக்குக் கை நீளும்.

முதல் கார் வாங்கியபோது இது எனக்குத் தெரியாது. "பார்த்துக் குறையுங்கள் தம்பி" என்றேன். ஐயாயிரம் குறைத்தார்கள். வீட்டுக்கு வந்து ரசீதுகளை அடுக்கினால், கையாளும் கட்டணம் என்று 8,500 ரூபாய் எடுத்திருந்தார்கள். அது வரியும் அல்ல, அரசுக் கட்டணமும் அல்ல. கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவந்த கூலியாம்.

இரண்டாவது காருக்கு மார்கழியைத் தேர்ந்தெடுத்தேன். நம் பக்கம் மார்கழியில் யாரும் புதுச் சாமான் எடுக்க மாட்டார்கள். ஷோரூம்காரர்களுக்கோ ஆண்டு முடிவதற்குள் இருப்பைத் தள்ளியாக வேண்டும். மார்கழியில் வரும் எங்கள் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்த கையோடு மறுநாளே போய் உட்கார்ந்தேன். பேசுவது மார்கழியில், எடுப்பது தையில். ஆனால் ஒரு எச்சரிக்கை: டிசம்பரில் செய்த வண்டியை ஜனவரியில் பதிவு செய்தாலும், விற்கப் போகும் நாளில் அது முந்தைய ஆண்டு வண்டிதான். அந்த இழப்புக்கும் சேர்த்துத்தான் தள்ளுபடி கேட்க வேண்டும்.

போவதற்கு முன்பே காரைக்குடி, மதுரை, திருச்சி மூன்று இடத்திலும் எல்லாம் சேர்த்த ஆன்ரோடு விலையைத் தாளில் வாங்கிவிட்டேன். வாய்க்கணக்கு உதவாது. மதுரையும் திருச்சியும் இங்கிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்தான். எங்கே வாங்கினாலும் நம் முகவரிக்கே பதிவு செய்யலாம். அந்தத் தாள்கள் மேசையில் இருந்தாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

இனி வரி வரியாக. பதிவின்போது அரசுக்கு ஒரேயடியாகக் கட்டும் ஆயுள் வரியில் பேரம் கிடையாது, ஆனால் அதன் படிக்கட்டு தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவிகிதம். பத்தைத் தாண்டினால், இருபது லட்சம் வரை 18. அதாவது 9.95 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.05 லட்சம் வண்டிக்கு 1.81 லட்சம். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசமுள்ள வண்டிக்கு அரை லட்சம் வரி கூடுகிறது. தம்பி மகன் மேற்கூரை திறக்கும் மாடல்தான் வேண்டும் என்று நின்றான். எங்கள் வீட்டு முற்றமான வளவில் தெரியாத வானமா காருக்குள் தெரியப் போகிறது என்று கேட்டு, ஒரு படி கீழேயுள்ள மாடலை எடுத்தேன்.

பதிவுக் கட்டணம் என்று மொத்தமாக ஒரு தொகை எழுதியிருந்தால் பிரித்துக் கேளுங்கள். சொந்தக் காருக்கு அரசின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், பதிவுச் சான்று அட்டைக்கு 200. கடன் இருந்தால் அதைப் பதிய 1,500. மீதிக்கு என்ன பெயர் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, தொகைதான் குறையும். ஜிஎஸ்டி விஷயத்திலும் கவனம் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவிகிதமாகக் குறைந்ததை, ஏதோ அவர்கள் கைப்பணம் போல் தள்ளுபடிக் கணக்கில் சேர்த்துப் பேசினார்கள். "அது டெல்லி கொடுத்தது தம்பி, நீங்கள் கொடுப்பதைச் சொல்லுங்கள்" என்றேன்.

பெரிய மீன் இன்சூரன்ஸ். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்கு வேண்டும். சொந்தச் சேதத்துக்கு ஓராண்டு எடுத்தால் போதும். எனக்கு அவர்கள் எழுதியது 41,000. அதே காப்புத் தொகைக்கு, தேய்மானக் கழிவு இல்லாத அதே பாலிசி, வெளியே 29,500. அதைக் காட்டியதும் மேனேஜர் அறைக்குப் போய்வந்து 30,000 என்றார்கள். பழைய காரில் கிளெய்ம் எடுக்காமல் சேர்ந்த போனஸ் வண்டிக்கு உரியதல்ல, நமக்கு உரியது. விற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கிவிட்டால் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்; சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை குறையும். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

கடன் விஷயத்தில் எங்கள் ஐயா பேச்சுத்தான் எனக்கு வழிகாட்டி. பர்மாவுக்கு வட்டிக்கடை எடுபிடியான பெட்டியடிப் பையனாகப் போய், கடையையே நடத்தும் மேலாளாகத் திரும்பியவர். வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எதற்கு வட்டி என்று கேள் என்பார். ஐந்து லட்சம், ஐந்து ஆண்டு, 9 சதவிகிதம் என்று வையுங்கள். குறையும் நிலுவைக்கு வட்டி என்றால் மாதத் தவணை 10,379. முழுத் தொகைக்கும் கடைசி வரை அதே வட்டி என்றால் 12,083. சதவிகிதம் ஒன்றுதான், ஆனால் அடைத்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டுவதால் ஒரு லட்சத்துக்கு மேல் கூடப் போகிறது. தவணையை மட்டும் சொல்லி, "மாதம் கட்டிவிடலாம் ஆச்சி" என்றால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய வண்டியை மாற்றுவதாக இருந்தால் அந்தப் பேச்சைக் கடைசியில் வையுங்கள். முன்பே சொன்னால், இங்கே கொடுத்ததை அங்கே பிடித்துக்கொள்வார்கள். மிதியடி, சீட் உறை, பாலிஷ் எல்லாம் காரைக்குடிக் கடைகளில் பாதி விலை; இலவசமாகத் தந்தால் மட்டும் வாங்குங்கள்.

முழுப் பணம் கட்டுவதற்கு முன், பதிவுக்கும் முன், பகல் வெளிச்சத்தில் உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியையே பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும் அடையாளமான சேசிஸ் எண்ணை எழுதி வாங்குங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும்; 3525 என்றால் 2025இன் 35ஆவது வாரம் செய்தது. ஒரு டயர் மட்டும் வேறு காலத்தில் செய்ததாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நான் பானட்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்ததில் அந்தப் பையனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மாவு வாங்கினாலும் சல்லடையில் போட்டுத்தான் பார்ப்பேன் என்றேன்.

தை பிறந்த பிறகு எடுத்தோம். இரண்டு சாவி, விற்பனைச் சான்றான படிவம் 21, தகுதிச் சான்றான படிவம் 22, பாலிசியில் என் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பத் தயாரானோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ரசீதை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். பழத்துக்குக் காசு போடவில்லை.