பழைய ஷார்ட்போர்டு வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

ஷார்ட்போர்டு என்பது கடல் அலையில் சறுக்கும் குட்டையான பலகை. விற்பவர் சொல்லும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். பலகையைக் கவிழ்த்தால் வால்பக்கமே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்.

1966இல் சான் டியேகோ உலக அலைச்சறுக்குப் போட்டியில் ஆஸ்திரேலிய வீரர் நாட் யங் வென்ற பலகை ஒன்பது அடிக்கும் மேல். மறு ஆண்டே சிட்னியில் பலகை செதுக்குபவரான பாப் மெக்டேவிஷ் நீளத்தைச் சட்டென்று குறைத்து, வாலின் அடியை ஆழமான 'வி' வடிவில் செதுக்கினார். 1970க்குள் ஏழடிக்கும் குறைவான பலகைகள் சகஜமாகிவிட்டன. அந்த அவசரத்தில் பழைய நீளப் பலகையின் மேலுறையான கண்ணாடி இழையை உரித்துவிட்டு, அதையே குட்டையாகச் செதுக்கியவர்களும் உண்டு. கைவேலை முரடாக இருந்தாலும் அவற்றை ஒதுக்காதீர்கள். காலத்தின் நேரடிச் சாட்சி அவைதான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபின், அதாவது வாலடியில் மீன் துடுப்புபோல நிற்கும் தகடு. எழுபதுகளில் பெரும்பாலும் ஒற்றை ஃபின். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்ற மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபின்னைப் பரப்பினார். 1981இல் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் பலகையில் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியை வென்றபின் உலகமே அதற்கு மாறியது. ஆகவே '1974' என்று சொல்லப்படும் பலகையில் மூன்று ஃபின் இருந்தால், பெரும்பாலும் ஆண்டு தவறாக இருக்கும் அல்லது பக்கத்து இரண்டும் பிற்பாடு ஒட்டியவையாக இருக்கும். ஒட்டியிருந்தால் அவற்றின் அடியைச் சுற்றி நிறம் மாறியிருக்கும். ஃபின்னைக் கழற்றி மாட்டும் சிறு பிளாஸ்டிக் குழிகள் தொண்ணூறுகளின் சரக்கு. பலகையைக் காலோடு பிணைக்கும் கால் கயிறு எழுபதுகளின் தொடக்கத்தில்தான் வந்தது. 1968 பலகையில் அதற்கான குழி இருந்தால் அது பின்னால் துளைத்தது. மோசடி என்று சொல்ல முடியாது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

தயாரிப்பாளரின் சின்னத்தில்தான் ஏமாற்று அதிகம். அசல் சின்னம் மெல்லிய தாளில் அச்சாகி, கண்ணாடி இழைக்கு அடியில் பதிந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள்; சின்னத்தைச் சுற்றி மட்டும் இழைத் துண்டின் விளிம்பு மேடாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஹவாயின் லைட்னிங் போல்ட் நிறுவனச் சின்னம் இருப்பதாலேயே அங்கத்திய புகழ்பெற்ற வீரர் ஜெர்ரி லோபஸ் செதுக்கியது ஆகிவிடாது. அந்தப் பெயரில் பலர் செதுக்கினார்கள். நடுவே ஓடும் மரப்பட்டையை ஒட்டிப் பென்சில் கையெழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து மேற்பரப்பு முழுவதும் விரல் கணுவால் தட்டுங்கள். பொத்தென்று ஒலித்தால் அங்கே உள்ளிருக்கும் நுரையிலிருந்து மேலே போர்த்திய கண்ணாடி இழை பிரிந்துவிட்டது. நிறத்தைவிட இதுவே பெரிய குறை. வெயிலில் மஞ்சளாவது இயல்பு. விரிசலைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

கால் வழுக்காமல் இருக்கப் பூசிய பழைய மெழுகை ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) வைத்து உருக்காதீர்கள், இழை கொப்பளிக்கும். இளவெயிலில் சில நிமிடம் வைத்து, பிளாஸ்டிக் சீப்பால் சுரண்டி, மினரல் டர்பன்டைனால் துடைத்தால் போதும். மேலே தெளித்த ஓவியம் இருந்தால் அசிட்டோனைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

விரிசலை மூடுமுன் நுரை முழுதாகக் காய வேண்டும், வாரக்கணக்கானாலும் சரி. ஈரத்தோடு மூடினால் உள்ளே அழுகி, இழை மறுபடி பிரியும். பாலியூரிதேன் நுரைக்குப் பாலியெஸ்டர் ரெசின் பொருந்தும்; அதை இறுகவைக்கும் கடினப்படுத்தி ரெசினில் 1 முதல் 2 சதவீதம், வெப்பம் மிகுந்த நாளில் 1 போதும். கூடினால் சூடேறி வெடிப்பு விழும். பலகை முழுவதையும் தேய்த்துப் புதுப் பளபளப்பு ஏற்றும் ஆசை மட்டும் வேண்டாம்: பழைய மேற்பூச்சோடு மதிப்பும் போய்விடும்.

துணி சுற்றிய தாங்கிகளில் கிடையாக, வெயில் படாமல் வையுங்கள். பூட்டிய காரிலோ தகரக் கூரைக்கு அடியிலோ ஒரு நண்பகல் கிடந்தாலே இழை பிரிந்துவிடக்கூடும்.