12 பேருக்கு ஒரு இசகாயா பிடிப்பது எப்படி?

இசகாயா என்றால் குடியும் கூடவே சாப்பாடும் கிடைக்கும் ஜப்பானியக் கடை. ஜப்பானில் விருந்துக்கு ஏற்பாடு செய்பவரைக் 'கஞ்சி' என்பார்கள். உச்சரிப்பு கிட்டத்தட்ட நம்ம கஞ்சியேதான். டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில், "வருடக் கடைசி விருந்துக்கு நீங்கள்தான் கஞ்சி" என்று என் தலையில் கட்டினார்கள். அதில் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதல் படி: ஆள் கணக்கு

எத்தனை பேர் என்பதோடு, குடிக்காதவர் யார், சைவம் யார், முட்டிவலிக்காரர் யார் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். கடை தேடுவது அப்புறம்.

இரண்டாம் படி: உட்காரும் இடம்

புதியவர்கள் சாப்பாட்டுப் படங்களைப் பார்த்துத்தான் கடையைத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். போய்ப் பார்த்தால் 'சாஷிகி', அதாவது பாயில் சம்மணம் போட்டு உட்காரும் அறை. எனக்குச் சுகமாக இருந்தது. ஆனால் எங்கள் குழுவின் மூத்தவர் அரை மணி நேரத்திலேயே சுவரில் சாய்ந்து காலை நீட்டிவிட்டார். பாவம், இரண்டு மணி நேரமும் அப்படியே.

'ஹோரிகொதாத்சு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மேசை தாழ்வாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் பள்ளம் வைத்திருப்பார்கள். காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். தனியறைக்குக் 'கோஷித்சு' என்று பெயர். இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், ஓட்டையில்லாத காலுறை போட்டுவரச் சொல்லிவிடுங்கள்.

2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைக்கப் பொதுவாகத் தடை உண்டு. ஆனாலும் பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு இருப்பதால், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: 'கோர்ஸ்' எடுங்கள்

பெரிய கூட்டத்துக்கு ஒவ்வொன்றாக ஆர்டர் செய்வது வம்பு. கேட்காமலேயே ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வரும். அதுதான் 'ஒதோஷி'. பெரும்பாலும் 300 முதல் 500 யென். உட்கார்ந்ததற்கான கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 யென் என்றாலே 12 பேருக்கு 4,800 யென், இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை!

கோர்ஸ் என்றால் சஷிமி (பச்சை மீன் துண்டுகள்), பொரித்த கோழி, குளிர்காலமானால் கொதிக்கும் நாபே சட்டி என்று வரிசையாக வந்து, கடைசியில் 'ஷிமே' என்று சோறோ நூடுல்ஸோ வரும். நம்ம மோர்சாதம் மாதிரி. அதோடு 'நொமிஹோதாய்' சேர்ந்திருக்கட்டும். எவ்வளவு குடித்தாலும் ஒரே விலை, வழக்கமாக 2 மணி நேரம். தலைக்கு 4,500 யென் என்று பிடித்தால் மொத்தம் 54,000. செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். ஒருவர் நொமிஹோதாய் எடுத்தால் மேசையில் எல்லோரும் எடுக்க வேண்டும் என்பார்கள். குடிக்காதவர் ஊலாங் தேநீரைக் குடித்துவிட்டு பீர் காசு கொடுக்க வேண்டுமா? சில கடைகளில் குளிர்பானங்களுக்கு மட்டும் குறைந்த விலையில் தனி நொமிஹோதாய் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

நான்காம் படி: சைவக்காரர்கள்

"டோஃபுதானே" என்று நம்பிவிடாதீர்கள். சூடான டோஃபுவின் மேல் காகிதம்போல் நெளிந்தாடும் பழுப்புச் சீவல் கட்சுவோபுஷி, நம்ம மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். அதை எடுத்துப் போட்டாலும் அடியிலுள்ள 'தாஷி' என்ற சாற்றிலும் அதே மீன்தான். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். அதனால் "மீன், தாஷி இரண்டும் வேண்டாம்" என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். முடியாது என்று சொல்லும் கடையை நான் மதிக்கிறேன். சரி சரி என்று தலையாட்டும் கடைதான் பயம். அவித்த எடமாமே (பச்சை சோயா) மட்டும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: முன்பதிவு

தாபேலோகு, ஹாட் பெப்பர் தளங்களில் ஆள் எண்ணிக்கை, தனியறை, நொமிஹோதாய் என்று வடிகட்டித் தேடலாம். டிசம்பர் வெள்ளிக்கிழமை என்றால் ஒரு மாதம் முன்பே பிடியுங்கள். எண்ணிக்கையை மாற்றக் கடைசி நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப்பின் வராதவருக்கும் காசு கட்ட வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: அன்று இரவு

பணத்தை முதல் கோப்பைக்கு முன்பே வசூலித்துவிடுங்கள். மூன்றாவது கோப்பைக்குப்பின் யாருக்கும் கணக்கு வராது. நேரம் முடிய அரை மணி இருக்கும்போது கடைசி ஆர்டர் கேட்டு வருவார்கள். டிப்ஸ் கிடையாது.

வெளியே வந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்பாமல் தெருவிலேயே நிற்பார்கள். அடுத்த கடைக்குப் போகும் 'நிஜிகாய்'க்கு ஆள் சேர்கிறது. அதற்குக் கஞ்சி வேறு யாராவது இருக்கட்டும்.