அமெரிக்க மத அரசியலை நக்கலடிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன், "அமெரிக்கப் பள்ளிக்குள் கடவுள் வரக்கூடாது, துப்பாக்கி வரலாம்" என்று ஒரு வரி எழுதினேன். நன்றாகவே சுற்றியது. அங்கே ஆசிரியராக இருக்கும் தோழி ஒருத்தி மட்டும் கேட்டாள்: "என் வகுப்பில் பிள்ளைகள் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிக்கிறார்கள். யார் தடுத்தது?"

இரண்டு பாதியுமே தப்பு. பள்ளி வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதற்கு எதிராக மத்திய சட்டமே இருக்கிறது. ஜெபத்தின் கதை வேறு. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 சொற்களில் தானே ஒரு ஜெபத்தை எழுதி, பள்ளிகளில் சொல்லலாம் என்று கொடுத்தது. ஜெபத்தை அரசாங்கம் எழுதக்கூடாது என்று 1962-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. பிள்ளை தானாக ஜெபிப்பதை அது தொடவே இல்லை. 2022-ல், ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்த அரசுப் பள்ளி அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. எந்தப் பிரிவினருக்கும் உறுத்தாதபடி அதிகாரிகள் கூடி உட்கார்ந்து கடவுளுக்கு மனு எழுதிய காட்சியை விட்டுவிட்டு நான் துப்பாக்கியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன்.

இந்த வகை நக்கலில் பெரும்பாலான சறுக்கல்கள் இப்படித்தான். உண்மையில் நடந்ததைப் படிக்காமல், நடந்திருக்கும் என்று நாம் நினைப்பதைக் கிண்டலடிக்கிறோம்.

உதாரணம், "நாணயத்திலேயே கடவுளை நம்புகிறோம் என்று எழுதிவைத்த நாட்டை நிறுவியவர்கள்" என்று தொடங்கும் கட்டுரைகள். நாணயத்தில் அந்த வாசகம் வந்தது 1864-ல், உள்நாட்டுப் போரின் நடுவே. தேசிய வாசகமானது 1956-ல். கொடி உறுதிமொழியில் கடவுள் நுழைந்தது 1954-ல். பின்னிரண்டும் கடவுளை மறுக்கும் கம்யூனிஸ்டுகளிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்டச் செய்தவை. அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்களோ, அரசுப் பதவிக்கு மதத் தகுதி எதுவும் கேட்கக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள்.

அடுத்தது, செய்தது யார் என்று பார்க்காமல் விடுவது. "அமெரிக்கா பள்ளிகளில் பைபிளைக் கட்டாயமாக்கியது" என்று 2024-ல் தமிழிலும் நிறையப் பேர் எழுதினார்கள். அதைச் சொன்னது ஓக்லஹோமா மாநிலத்தின் கல்வித்துறைத் தலைவராக இருந்த ரயான் வால்டர்ஸ். அங்கே பள்ளிக்கல்வி மாநிலங்களின் கையில். "அமெரிக்கா" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால் கதையின் ருசியே போய்விடும், ஏனென்றால் ருசி டெண்டரில் இருக்கிறது. 55,000 பைபிள்கள் வேண்டும்; கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும்; தோல் அல்லது தோல் மாதிரியான அட்டை வேண்டும்; கூடவே சுதந்திரப் பிரகடனம், அரசமைப்புச் சட்டம், கொடி உறுதிமொழி எல்லாம் அதே புத்தகத்துக்குள் இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தும் பைபிள்கள் கடையில் மிகச் சிலதான். அதில் ஒன்று டொனால்ட் டிரம்ப் விளம்பரம் செய்து 59.99 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். டெண்டர் எழுதுகிற கலை தெரிந்த ஊர்க்காரர்களான நமக்கு இதற்கு மேல் உரை எதற்கு?

மிகைப்படுத்துவதும் ஒரு தப்பு. இதைச் சொன்னால் நையாண்டி எழுதுபவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் டெக்சஸ் கதையைக் கேளுங்கள். 2019 பிப்ரவரியில் அலபாமாவில், மரண தண்டனைக் கைதியான ஒரு முஸ்லிம், விஷ ஊசி போடும் அறையில் தன் இமாம் உடன் இருக்க வேண்டும் என்று கேட்டார். சிறையின் கிறிஸ்தவ போதகருக்குத்தான் அங்கே அனுமதி. கோரிக்கை தாமதமாக வந்தது என்று உச்சநீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கைவிரித்தது, தண்டனை நிறைவேறியது. அடுத்த மாதமே டெக்சஸில் ஒரு பௌத்தக் கைதி அதே மாதிரி கேட்டார். இந்த முறை நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. ஒரு மதத்துக்குக் கொடுப்பதை இன்னொன்றுக்கு மறுக்கக்கூடாது, சரி. டெக்சஸ் என்ன செய்தது தெரியுமா? எந்த மதத்தின் போதகரும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று விதியை மாற்றிவிட்டது. சமத்துவம் வந்துவிட்டது! போதகர் கைதியைத் தொட்டு, வாய்விட்டு ஜெபிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 8-1 என்று சொல்ல 2022 ஆனது. இதன் மேல் ஒரு கற்பனை வரி சேர்த்தாலும் கெட்டுப்போகும். தேதி வரிசையில் எழுதினாலே போதும்.

"கிறிஸ்தவர் என்றால் குடியரசுக் கட்சி" என்ற சமன்பாட்டையும் தூக்கிப் போடுங்கள். மார்ட்டின் லூதர் கிங் பாப்டிஸ்ட் போதகர். அவர் போதித்த அட்லாண்டா எபனேசர் ஆலயத்தின் போதகர் ரஃபயேல் வார்னாக், ஜனநாயகக் கட்சி செனட்டர். ஞாயிறு பள்ளியில் பைபிள் பாடம் எடுத்த ஜனநாயகக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டரை விட்டுவிட்டு, 1980-ல் வெள்ளை இவாஞ்செலிக்கல் (பைபிளையும் மனமாற்றத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டன்ட்) வாக்காளர்கள் பெருமளவில் போனது குடியரசுக் கட்சியின், விவாகரத்தான ரொனால்ட் ரீகனிடம். நக்கலடிக்க வேண்டியது பக்தியை அல்ல, இந்தக் கணக்கை. பக்தியை அடித்தால் வாக்குக் கணக்குப் போடுபவர் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்.

கடைசியாக, போலி மேற்கோள். நிஜ அரசியல்வாதியின் படத்தைப் போட்டு, அவர் சொல்லியிருக்கக்கூடிய மாதிரி ஒன்றை எழுதிவிடுவது. போதகர் ஜெரி ஃபால்வெல்லைப் பற்றிய ஓர் அசிங்கமான போலி விளம்பரத்துக்காக ஹஸ்ட்லர் என்ற ஆபாசப் பத்திரிகை மீது வழக்கு நடந்தது. 1988-ல் உச்சநீதிமன்றம் ஒருமனதாகப் பத்திரிகையின் பக்கம் நின்றது. ஆனால் புத்தியுள்ள யாரும் அதை நிஜம் என்று நம்ப மாட்டார்கள் என்பதை ஜூரி முன்பே சொல்லியிருந்தது. பத்திரிகையைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வாட்ஸாப்பில் சித்தப்பா அதை நிஜம் என்று அனுப்பினால், நீங்கள் எழுதியது நையாண்டி அல்ல, வதந்தி.

அதற்காக மேலே "இது நகைச்சுவை" என்று போர்டு மாட்டவும் வேண்டாம். ஒஹாயோவின் பார்மா நகரில் போலீஸ் துறையைப் போலவே முகநூல் பக்கம் தொடங்கிக் கிண்டலடித்த ஒருவரைப் பிடித்து நாலு நாள் உள்ளே வைத்தார்கள். ஜூரி விடுவித்தது. அவர் திருப்பி வழக்குப் போட்டபோது, தி ஆனியன் என்ற நையாண்டிப் பத்திரிகை 2022-ல் உச்சநீதிமன்றத்தில் அவருக்காக ஒரு மனு போட்டது. முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பகடி செத்துப்போகும் என்பதுதான் வாதம். அதை நிரூபிக்க மனுவையே பகடியாக எழுதினார்கள்: தங்களுக்குத் தினமும் 4.3 லட்சம் கோடி வாசகர்கள் என்றார்கள், நீதிபதிகளை லத்தீன் பைத்தியங்கள் என்றார்கள். 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஏன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.